வரி ஓரிடம், செலவு வேறிடம்: ஐரோப்பாவின் உள் எல்லைகளில் ஒரு பயணக் குறிப்பு

திங்கள், சார்லருவா

ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் அதன் 27 நாடுகளில் எங்கும் சென்று வேலை பார்த்து வாழலாம் என்ற உரிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் அந்த நகரத்தில் ரயில் மாறியதோடு சரி. பெல்ஜியத்தின் தெற்கே சார்லருவாவை ஒட்டியுள்ள மார்சினெல் என்ற ஊருக்கு நேராக வந்துவிட்டேன். இங்குள்ள ‘புவா து காசியே’ நிலக்கரிச் சுரங்கம் இன்று அருங்காட்சியகம். 2012 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. 1956 ஆகஸ்ட் 8 காலையில், தூக்குக் கூண்டில் சரியாக ஏறாமல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நிலக்கரி வண்டியால் எண்ணெய்க் குழாயும் மின்கம்பிகளும் அறுபட்டுத் தீப்பிடித்தது. 262 பேர் மாண்டார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள், 95 பேர் பெல்ஜியர்கள்.

அத்தனை இத்தாலியர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்பதற்கான விடை 1946இல் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. இத்தாலி 50,000 தொழிலாளர்களை அனுப்புவது, அதற்கு ஈடாகப் பெல்ஜியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்பது என்பதுதான் அதன் சாரம். ஆளுக்கு இவ்வளவு கரி என்று பேசப்பட்ட அந்தக் காலத்தில், வந்தவனுக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது, ஊர் திரும்பியபின் அவனுக்கு ஓய்வூதியம் யார் தருவது என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டன. சுரங்கத் தூசியால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிக்கோசிஸ் நோயைத் தொழில்சார் நோயாகப் பெல்ஜியம் ஏற்றுக்கொண்டதே 1964இல்தான். அதற்குள் பலர் தங்கள் நுரையீரலோடு இத்தாலிக் கிராமங்களுக்குத் திரும்பியிருந்தார்கள்.

இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் ஒப்பந்தம் 1957இல் கையெழுத்தானது. அந்தப் புதிய சமூகம் இயற்றிய ஒன்றாம் எண் விதி மொழிகளைப் பற்றியது. மூன்றாம், நான்காம் எண் விதிகள், நாடு விட்டு நாடு சென்று உழைப்பவர்களின் சமூகக் காப்பீட்டைப் பற்றியவை. விவசாய மானியத்துக்கும் நாணயத்துக்கும் முன்னால் இதை எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அன்று வகுக்கப்பட்ட நெறிகள் இன்று 883/2004 என்ற எண்ணுள்ள விதியில் தொடர்கின்றன. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே நாட்டின் காப்பீட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர். அந்த நாட்டில் அவர் உள்ளூர்க்காரருக்கு நிகராக நடத்தப்பட வேண்டும். வெவ்வேறு நாடுகளில் சந்தா கட்டிய காலங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஈட்டிய ஓய்வூதியம் அவர் எந்த ஒன்றிய நாட்டில் குடியிருந்தாலும் அங்கே வந்து சேர வேண்டும். இந்த விதி நலத்திட்டங்களை ஒன்றாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு தருவது, யாருக்குத் தருவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. அந்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க மட்டுமே விதி வகை செய்கிறது. மனிதர்கள் எல்லை தாண்டுகிறார்கள், கணக்கேடுகள் தாண்டுவதில்லை. இந்த வாரம் முழுவதும் அந்தக் கணக்கேடுகளைத்தான் பின்தொடரப் போகிறேன்.

செவ்வாய், லூவான்-லா-நூவ்

மழை. பல்கலைக்கழகத்துக்காகவே 1970களில் எழுப்பப்பட்ட இந்த ஊரில் மாணவர்களைத் தவிர வேறு யாரும் வாழ்வதாகத் தெரியவில்லை. இங்கே படித்த ஒரு பிரெஞ்சு மாணவர் மூன்று ஆண்டுகள் சிறு வேலைகள் செய்தும் கடன் வாங்கியும் சமாளித்துவிட்டு, இறுதியாண்டில் ஆய்வுப் பணி கூடியதால் உள்ளூர் நல அலுவலகத்தில் குறைந்தபட்ச உதவித்தொகை கேட்டார். அலுவலகம் கொடுத்தது. அவர் தொழிலாளர் அல்லர், வெளிநாட்டு மாணவர்தானே என்று சொல்லி நடுவண் அரசு அந்தச் செலவை ஈடுசெய்ய மறுக்கவே, உதவி நிறுத்தப்பட்டது. வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. ஒன்றியக் குடியுரிமை என்பது உறுப்பு நாட்டு மக்களின் அடிப்படைத் தகுதியாக விளங்கப்போவது என்றும், தற்காலிகச் சிரமத்தில் இருக்கும் பிற நாட்டுக் குடிமக்களிடம் ஓரளவு நிதி சார்ந்த ஒற்றுமையை நாடுகள் காட்ட வேண்டும் என்றும் 2001 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

எவ்வளவு என்பதுதான் அன்றிலிருந்து சண்டை. 2004ஆம் ஆண்டு வந்த ஒன்றியத்தின் வழிகாட்டு ஆணை ஒரு படிக்கட்டைக் கட்டியது. முதல் மூன்று மாதங்கள் அடையாள அட்டை இருந்தால் போதும், ஆனால் அந்தக் காலத்தில் சமூக உதவி தர வேண்டிய கடமை எந்த நாட்டுக்கும் இல்லை. அதன்பின் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும், அல்லது பிறரைச் சாராமல் வாழப் போதிய பணமும் மருத்துவக் காப்பீடும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்துவிட்டால் நிரந்தர வசிப்புரிமை. ஆகவே, யாரும் எங்கும் போய் உதவித்தொகையில் வாழலாம் என்பதுபோல் தேர்தல் மேடைகளில் பேசப்படுவது சட்டத்தில் எழுதப்பட்டது அன்று. இந்தப் பெல்ஜியமே, உதவித்தொகையை நீண்ட காலம் சார்ந்திருந்த காரணத்துக்காகப் பிற ஒன்றிய நாட்டவர்களின் வசிப்புரிமையை ஆயிரக்கணக்கில் ரத்து செய்திருக்கிறது.

புதன், தியோன்வில் – லக்சம்பர்க்

பிரான்ஸின் வடகிழக்கு மூலையிலுள்ள தியோன்வில் நிலையத்தில் காலை ஆறரை மணிக்கே உட்கார இடம் இல்லை. லக்சம்பர்க் செல்லும் ரயிலில் கணினிப் பைகளோடு வங்கி ஊழியர்களும், காலணி மாற்றிக்கொண்டிருந்த செவிலியர்களும், கட்டடத் தொழிலாளர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் லக்சம்பர்க்கில் அன்றாடம் எல்லை தாண்டி வந்து வேலை செய்பவர்கள் இரண்டே கால் லட்சத்துக்கும் மேல். அங்குச் சம்பளம் வாங்குவோரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இவர்கள்தாம். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிரான்ஸிலிருந்து வருகிறார்கள். 2020 மார்ச் முதல் அந்த நாட்டுக்குள் பேருந்து, ரயில், டிராம் எல்லாம் இலவசம். எல்லை வரைக்குமான கட்டணத்தைத்தான் இவர்கள் செலுத்த வேண்டும்.

என் அருகில் நின்ற செவிலியர் முன்பு இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர். ஊதியம் ஏறக்குறைய இரு மடங்காகும்போது யார்தான் போக மாட்டார்கள் என்று கேட்டார். அவரைப் படிக்க வைத்தது பிரான்ஸ். அவருடைய பிள்ளைகள் படிப்பது பிரெஞ்சுப் பள்ளியில். வீட்டுக் குப்பையை அள்ளுவதும் தெருவுக்கு விளக்குப் போடுவதும் பிரெஞ்சு நகராட்சி. அவருடைய வருமான வரியும் காப்பீட்டுச் சந்தாவும் போவது லக்சம்பர்க்குக்கு. வீட்டிலிருந்து வேலை செய்தால் என்ன என்று கேட்டால் அதற்கும் கணக்கு உண்டு: ஆண்டுக்கு 34 நாட்களுக்கு மேல் வீட்டிலிருந்து வேலை செய்யும் வங்கி ஊழியர் அந்த நாட்களுக்கான வரியைப் பிரான்ஸில் கட்ட வேண்டியவராகிறார்.

வேலை போனால் என்ன நடக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மிக விசித்திரமான பகுதி. வேலையின்மை உதவித்தொகையைத் தருவது சந்தா வாங்கிய நாடு அன்று, குடியிருக்கும் நாடு. லக்சம்பர்க் தன் பங்காக முதல் மூன்று மாதச் செலவைத் திருப்பித் தரும், நீண்ட நாள் சந்தா கட்டியவராக இருந்தால் ஐந்து மாதம். மிச்சம் பிரான்ஸின் பாடு. அந்த உதவித்தொகையோ லக்சம்பர்க்கின் உயர்ந்த சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. ஓராண்டு வேலை செய்தவருக்கு வேலை செய்த நாடே பொறுப்பேற்க வேண்டும் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2016 டிசம்பரில் முன்மொழிந்தது. லக்சம்பர்க் போன்ற நாடுகளின் எதிர்ப்பால் அது பல ஆண்டுகள் இழுபட்டது. ஏழை நாட்டவர் பணக்கார நாட்டின் நலத்திட்டத்தைச் சுரண்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை எங்கும் கேட்கிறோம். பணக்கார நாடு பக்கத்து நாட்டின் நலத்திட்டத்தின் மேல் சாய்ந்துகொண்டிருக்கும் இந்தக் காட்சியைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை.

மாலையில் கிர்ஷ்பெர்க் மேட்டிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் பொன்னிறக் கோபுரங்களை வெளியிலிருந்து பார்த்தேன். லக்சம்பர்க் தன் மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகையை 2010இல் தாராளமாக்கி, உள்ளூரில் குடியிருப்போருக்கு மட்டும் என்று வரையறுத்தது. எல்லை தாண்டி வரும் தொழிலாளரின் பிள்ளைகளை அப்படி மொத்தமாக ஒதுக்கக் கூடாது என்று 2013இல் இதே நீதிமன்றம் சொன்னது. குழந்தை உதவித்தொகையிலிருந்து அத்தொழிலாளர்கள் வளர்க்கும் வாழ்க்கைத் துணையின் பிள்ளைகளை விலக்கிய 2016ஆம் ஆண்டுச் சட்டமும் 2020இல் அதே கதியை அடைந்தது. வழக்குப் போட்டால் தனிமனிதருக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. நகராட்சிகளுக்கு அப்படி ஒரு வழக்கு இல்லை. ஜெனிவா மாநிலம் தன்னிடம் வேலைக்கு வரும் பிரெஞ்சுக்காரர்களின் ஊதியத்தைக் கணக்கிட்டு ஒரு பங்கை 1973 முதல் அண்டைப் பிரெஞ்சு மாவட்டங்களுக்குத் திருப்பித் தருகிறது. ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து செய்வதை ஒன்றியத்தை நிறுவிய நாடுகளில் ஒன்றான லக்சம்பர்க் பிரான்ஸுக்குச் செய்ய மறுக்கிறது. ரயில் பாதை, வாகன நிறுத்தம் போன்ற திட்டங்களுக்குக் கூட்டாகச் செலவழிக்கலாம் என்கிறது.

வியாழன், டூயிஸ்பர்க்

மேற்கு ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உருக்காலைப் புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. மார்க்ஸ்லோ பகுதியின் கடைத்தெருவில் வரிசையாகத் திருமண ஆடைக் கடைகள். துருக்கியத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நடத்துபவை, அண்டை நாடுகளிலிருந்தெல்லாம் மணப்பெண்கள் வந்து வாங்கிப்போகிறார்களாம். இரண்டு தெரு தள்ளினால் காட்சி மாறுகிறது. சன்னல் உடைந்த நான்கு மாடி வீடுகள், வாசலில் பழைய மெத்தைகள், அழைப்பு மணிப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பெயர்ச் சீட்டுகள். ருமேனியாவும் பல்கேரியாவும் 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்தன, 2014 ஜனவரியில் அவர்களுக்கு ஜெர்மனியின் வேலைச் சந்தை முழுமையாகத் திறந்தது. ‘ஏமாற்றுபவன் வெளியேற்றப்படுவான்’ என்ற முழக்கத்தோடு ஜெர்மனியின் பவேரியா மாநில ஆளுங்கட்சி அந்தப் புத்தாண்டைத் தொடங்கிவைத்தது.

சட்டத்தின் போக்கும் அப்போதுதான் திரும்பியது. லைப்சிக் நகரில் சகோதரியின் வீட்டில் மகனோடு தங்கியிருந்த, வேலை தேடாத ஒரு ருமேனியப் பெண்ணுக்கு அடிப்படை உதவித்தொகையை மறுத்தது சரியே என்று 2014 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. ஓராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆறு மாதத்துக்குப் பின் உதவியை நிறுத்திவிடலாம் என்று மறு ஆண்டு பெர்லின் வழக்கொன்றில் சொன்னது. 2016 இறுதியில் ஜெர்மன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, வேலை செய்யாத பிற ஒன்றிய நாட்டவர் ஐந்து ஆண்டு வாழ்ந்த பிறகே அந்த உதவியைக் கோர முடியும். கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

பிறகு ஏன் இந்தத் தெரு இப்படி இருக்கிறது? இங்கே குடியேறியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒருவர் பொறுமையாக விளக்கினார். வேலை செய்பவருக்குச் சம்பளம் போதவில்லையென்றால் உதவித்தொகை கூடுதலாகக் கிடைக்கும் என்பது ஜெர்மானியருக்கும் பொருந்தும் விதி. ஆகவே, பல்கேரியக் கிராமத்திலிருந்து ஆளைக் கூட்டிவரும் தரகர் அவருக்கு வாரத்தில் சில மணி நேர வேலை என்று ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார். அவரே தன் இடிந்த வீட்டில் ஓர் அறையை எக்கச்சக்க வாடகைக்குத் தருகிறார். உண்மையில் நாள் முழுதும் வேலை வாங்குகிறார். அலுவலகம் தரும் வாடகை உதவியும் மிச்சத் தொகையும் அவருடைய கைக்கே போய்ச் சேர்கின்றன. ஏமாற்று நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பத்திரிகைப் படங்களில் வருவது அந்த மெத்தையின் அருகே நிற்கும் குடும்பமே தவிர, வீட்டின் உரிமையாளர் அல்லர். இறைச்சி ஆலைகளின் கதையும் இதுவே. 2020 பெருந்தொற்றின்போது ரேடா-வீடன்புருக் ஆலையில் நோய் பரவிய பின்னர்தான், துணை ஒப்பந்ததாரர் வழியே வந்த கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்களின் நிலை நாட்டுக்குத் தெரிந்தது; மறு ஆண்டே அத்துறையில் துணை ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டது. வெட்டப்பட்ட உதவித்தொகைகளைவிட அந்தத் தடை இந்தத் தெருக்களுக்கு அதிகம் தேவைப்பட்டது என்பது என் எண்ணம்.

நாடு முழுவதற்குமான கணக்கில் பிற ஒன்றிய நாட்டவர் கொடுப்பது அதிகம், பெறுவது குறைவு. பெரும்பாலானோர் உழைக்கும் வயதினர் என்பதால் இதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்த உபரி சேர்வது பெர்லினின் கருவூலத்திலும் ஓய்வூதிய நிதியிலும். வகுப்பறையும், மொழி தெரியாத பிள்ளைகளுக்கான ஆசிரியரும், வீட்டுச் சோதனை செய்யும் அதிகாரியும் டூயிஸ்பர்க்கின் செலவு. உருக்குத் தொழில் சுருங்கிக் கடனில் தவித்த நகரம் இது. வாடகை மலிவு என்பதால்தான் ஏழைகள் இங்கே வருகிறார்கள். ஏழைகள் வருவதால் நகரம் மேலும் ஏழையாகிறது. சராசரியைக் காட்டி மார்க்ஸ்லோவாசிகளைச் சமாதானப்படுத்த முயன்றவர்கள் தோற்றதில் வியப்பில்லை.

வெள்ளி, ஹம்

வியன்னா ரயிலுக்கு முன் ஒரு நாள் கையில் இருந்தது. கிழக்கே ஹம் நகரின் உவென்ட்ரோப் பகுதியில், தொழிற்கூடங்களுக்கு நடுவே, 2002இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வந்தவர்கள் எழுப்பியது. பிரகாரத்தில் பேச்சுக் கொடுத்த அம்மா ஒருவர், “தம்பி, என்ர மகன் இஞ்ச நாலு வருசம்தான் வேலை செய்தவன், பிறகு லண்டனுக்குப் போட்டான். அந்தக் காசு வருமோ?” என்று கேட்டார். ஜெர்மன், டச்சு, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றபின் தடையற்ற நடமாட்ட உரிமையைப் பயன்படுத்திப் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல. ஆங்கிலக் கல்வியும் உறவினர்களும் கடை வைக்கும் வாய்ப்பும் அவர்களை இழுத்தன.

ஜெர்மன் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுச் சந்தா வேண்டும். நான்கு ஆண்டு தனியே நின்றால் பயனில்லை. பிரிட்டனில் கட்டிய ஆண்டுகளையும் சேர்த்துப் பார்ப்பதால் தகுதி கிடைக்கிறது. பிறகு ஜெர்மனி தன் நான்கு ஆண்டுக்கான பங்கை மட்டும் தரும். பிரிட்டன் விலகிய பிறகும், 2020 இறுதிக்கு முன் போனவர்களுக்கு இது விலகல் ஒப்பந்தத்தில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. வரும் அம்மா, விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றேன்.

பிரிட்டன் ஏன் விலகியது என்பதில் நலத்திட்டத்தின் கட்டமைப்புக்கும் பங்குண்டு. 2004இல் பத்து நாடுகள் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மட்டுமே உடனே கதவைத் திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழு ஆண்டு மூடிவைத்தன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட மதிப்பீடு சொன்னது. முதல் இரண்டு ஆண்டுகளில் பதிவு செய்துகொண்டவர்களே நான்கு லட்சத்தைத் தாண்டினர். ஜெர்மனியில் பல உரிமைகள் கட்டிய சந்தாவைப் பொறுத்தவை. பிரிட்டனில் குறைந்த ஊதியத்துக்கான ஈட்டுத்தொகை வரிப்பணத்திலிருந்து, வந்த புதிதிலேயே கிடைத்தது. கட்டாமலே வாங்குகிறார்கள் என்ற மனக்குறை அங்கே வேர்விட இடமிருந்தது. புதிதாக வருவோருக்கு அந்தத் தொகையை நான்கு ஆண்டு வரை கட்டுப்படுத்தும் சலுகையைப் பிரதமர் கேமரன் ஒன்றியத்திடமிருந்து 2016 பிப்ரவரியில் வாங்கிவந்தார். ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று கேட்ட ஜூன் வாக்கெடுப்பில் அது செல்லாக்காசாயிற்று.

ஞாயிறு, கிட்ஸே

ஆஸ்திரியாவின் கிழக்கு விளிம்பிலுள்ள கிராமம். வயலுக்கு அப்பால் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவின் அடுக்குமாடிகள் தெரிகின்றன. நகரத்தில் வீட்டு விலை ஏறவே, அங்கே வேலை பார்க்கும் ஸ்லோவாக்கியர்கள் எல்லை தாண்டி இங்கே வீடு கட்டியிருக்கிறார்கள். தியோன்வில் போலத்தான், ஆனால் ஒரு வேறுபாடு: ஆஸ்திரியாவில் நடுவண் வரியின் பங்கு ஊராட்சிகளுக்கு மக்கள்தொகையைப் பொறுத்து வருகிறது, ஆகவே பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு ஸ்லோவாக்கியரும் கிட்ஸேக்கு வரவு. பெற்றோர் வேலை செய்யும் ஸ்லோவாக்கியா குழந்தை உதவித்தொகையை முதலில் தருகிறது. அது குறைவு என்பதால் வித்தியாசத்தை ஆஸ்திரியா ஈடுசெய்கிறது. இந்த ஊரில் அதைப் பற்றி யாரும் கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

திங்கள், வியன்னா

அதே உதவித்தொகை எதிர்த்திசையில் சென்றபோது கோபம் வந்தது. ஆஸ்திரியாவில் முதியோரை வீட்டிலேயே தங்கி இரவு பகலாகக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள் அறுபதாயிரம் அளவில் இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் ஸ்லோவாக்கியா, ருமேனியா முதலிய நாடுகளிலிருந்து வரும் பெண்கள். சில வாரம் இங்கே, சில வாரம் ஊரில் என்று முறை மாற்றிக்கொள்கிறார்கள். 2007இல்தான் இந்த ஏற்பாடு சட்டபூர்வமானது. இவர்களுடைய பிள்ளைகள் ஊரில் வளர்வதால், அந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பக் குழந்தை உதவித்தொகையைக் குறைக்கும் முறையை 2019 ஜனவரி முதல் ஆஸ்திரியா நடைமுறைப்படுத்தியது. 2022 ஜூனில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆஸ்திரியாவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் விலைவாசி வேறுபட்டாலும் தொகை ஒன்றுதானே, இவர்களும் மற்றவர்களைப் போலவே வரியும் சந்தாவும் கட்டுகிறார்களே என்பவை தீர்ப்பின் காரணங்கள். பிடித்த பணம் திருப்பித் தரப்பட்டது. தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். 2020 மார்ச்சில் எல்லைகள் மூடியபோது ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் இதே பெண்களைத் தனி விமானத்தில் வரவழைத்தவர்கள், அவர்கள் பிள்ளைகளின் பாலுக்கு விலைப்பட்டியல் பார்த்தது அழகில்லை.

எர்ட்பெர்க் பேருந்து நிலையத்தில், ருமேனியாவின் மேற்கு மூலையிலுள்ள திமிஷ்வாரா செல்லும் வண்டிக்குக் காத்திருந்த ஒரு பெண்மணியோடு சைகையும் அரைகுறை ஜெர்மனுமாகப் பேசினேன். பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலை. இங்கே அவர் சுயதொழில் செய்பவராகப் பதிவானவர். குறைந்தபட்சச் சந்தா, அதனால் கிடைக்கப்போவதும் சிறிய ஓய்வூதியம். அதற்கு முன் ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்ததால் ருமேனிய ஓய்வூதியமும் கொஞ்சம் வரும். அந்தக் கொஞ்சத்தில்தான் கணக்கு திரும்புகிறது. குடியிருக்கும் நாட்டிலிருந்து ஓய்வூதியம் பெறுபவருக்கு, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மருத்துவச் செலவை அந்த நாடே ஏற்க வேண்டும் என்பது விதி. ஆஸ்திரிய முதியவர்களைப் படுக்கையிலிருந்து தூக்கித் தூக்கித் தேய்ந்த அவருடைய முதுகுக்கு வைத்தியம் பார்க்கப்போவது ருமேனியா. 1992இல் 2.28 கோடியாக இருந்து 2021 கணக்கெடுப்பில் 1.9 கோடியாகக் குறைந்த, மருத்துவர்களும் செவிலியர்களும் பெருமளவில் மேற்கே போய்விட்ட நாடு. மகள் பார்த்துக்கொள்வாளா என்று கேட்டேன். அவள் லின்ஸ் நகரில் இதே வேலையில் இருக்கிறாள் என்றார்.